புத்தக பீரோவும் மூணு ஜோடி கிளவுஸும்

ஸ்டோர் கீப்பர் வேலைக்கு வருகிறவனுக்குக் கணக்கு வராவிட்டால் கால்குலேட்டர் இருக்கிறது, எழுத வராவிட்டால் கம்ப்யூட்டர் இருக்கிறது. சந்தேகப்பட மட்டும் வராவிட்டால் ஒரு வாரம் தாங்க மாட்டான்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், போல்ட்டும் நட்டும் செய்கிற கம்பெனி ஒன்றில் இருபத்தாறு வருஷமாக ஸ்டோரில் உட்கார்ந்திருக்கிறேன். ஸ்பேனர் திருப்பிக் கொடுக்க வருகிறவன் முகத்தைப் பார்க்க மாட்டேன், பாக்கெட்டைத்தான் பார்ப்பேன். பழசைக் கொடுத்தால்தான் புதுசு, இதுதான் எங்கள் ஸ்டோர் சட்டம். கிழிந்த கிளவுஸைக் காட்டாதவனுக்குப் புது கிளவுஸ் கிடையாது, அவன் கம்பெனி முதலாளியின் மச்சானாக இருந்தாலும் சரி. இப்படிப்பட்ட ஆளிடம் ஒரு பீரோ நிறையப் புத்தகத்தைக் கொடுத்து "ஜனங்களுக்குப் படிக்கக் கொடுங்க" என்று சொன்னால் விளங்குமா?

இரவல் கொடுத்த புத்தகம் திரும்பி வரும் வரும் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் என் இனத்தாரே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் அதிகபட்சம் ஒரு சிநேகிதனை இழந்திருப்பீர்கள். நான் சந்தேகம் முற்றிப்போய் ஒரு பெண்ணின் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தேன். அதையும் மறைக்காமல் கடைசியில் சொல்லிவிடுகிறேன்.

பீரோ வந்து இறங்கியது

எங்கள் ஹெச்.ஆர். மேடம் ஏதோ ஒரு பயிற்சி வகுப்புக்குப் போய்விட்டு வந்தார். அங்கே யாரோ "தொழிலாளிக்கு வாசிப்புப் பழக்கம் வந்தால் விபத்து குறையும்" என்று சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது. அடுத்த வாரமே ஒரு இரும்பு பீரோவும், மூட்டை மூட்டையாகப் பழைய புத்தகங்களும் ஸ்டோர் வாசலில் வந்து இறங்கின. ஏன் ஸ்டோர் என்றால், பூட்டும் சாவியும் ரிஜிஸ்டரும் என்னிடம்தான் இருக்கின்றன. யார் எதை எடுக்கிறார்கள் என்று எழுதி மாதாமாதம் ஆபீசுக்கு அனுப்ப வேண்டும் என்றார். நானும் கவரைப்பேட்டையிலிருந்து தினமும் ரயிலில் படித்துக்கொண்டே வருகிறவன்தான். உள்ளுக்குள் சந்தோஷம். வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

மூட்டையைப் பிரித்து அடுக்கினேன். பாதி துப்பறியும் நாவல், கால்வாசி குடும்ப நாவல், மிச்சம் முன்னேற்றப் புத்தகம், சமையல் குறிப்பு, ஜாதகம். இரண்டு நாள் ஒருத்தரும் கிட்டே வரவில்லை. பீரோவுக்குள் கேமரா வைத்திருப்பதாக டீ வண்டிக்காரர் வரைக்கும் பேச்சு பரவிவிட்டது. கடைசியில் மெஷின் ரிப்பேர் பார்க்கிற பிட்டர் டில்லி வந்தான். எட்டி நின்றே பீரோவை மேலிருந்து கீழ்வரை பார்த்தான். பிறகு ரிஜிஸ்டரைப் பார்த்தான்.

"பேரு வேற எயுதணுமா? கம்பெனிக்காரன் சும்மா ஒண்ணு குடுக்குறான்னா, அடுத்து எத்தையோ புடுங்கப் போறான்னு அர்த்தம் நைனா."

பெருமாள் சார் புத்தகத்தைச் சோதித்தார்

அப்படிச் சொன்ன டில்லியேதான் முதல் புத்தகத்தையும் எடுத்தான். அதுதான் டில்லி. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்கிறேன் என்றான். எங்கள் கம்பெனியில் ஒரு குண்டூசி வெளியே போனாலும் கேட் பாஸ் வேண்டும். திரும்பி வரவேண்டிய சாமானுக்கு ஒரு பாஸ், திரும்பாத சாமானுக்கு வேறொரு பாஸ். நானும் முறைப்படி "புத்தகம், எண்ணிக்கை ஒன்று, ஏழு நாளில் திரும்பும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

கேட்டில் செக்யூரிட்டி பெருமாள் சார். முன்னாள் ராணுவம். புத்தகத்தை வாங்கி உதறினார். தலைகீழாகப் பிடித்து உதறினார். பிறகு ஒவ்வொரு பக்கமாகப் புரட்ட ஆரம்பித்தார், நடுவில் கம்பெனி டிராயிங் ஏதாவது மடித்து வைத்திருக்கிறானா என்று. இருநூற்றுச் சொச்சம் பக்கம். டில்லியின் ரயில் போயே போய்விட்டது. அவன் என்னிடம் ஓடிவந்து கத்த, நான் கேட்டுக்குப் போய், "சார், அது கதை புக்கு சார், விட்டுருங்க" என்றேன். பெருமாள் சார் அசையவில்லை. கேட் பாஸை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"எல்லாச் சாமானுக்கும் எடை எழுதுற நீ, இதுக்கு மட்டும் எழுதல, வெளிய போறது இருநூறு பக்கமா, திரும்பி வர்றது நூத்தி எண்பது பக்கமான்னு நான் இன்னாத்த வெச்சி பாக்குறது?"

அன்றோடு புத்தகம் கேட்டைத் தாண்டுவது நின்றது. படிப்பதென்றால் உள்ளேயே, சாப்பாட்டு நேர அரை மணியில் படித்துக்கொள் என்று ஆகிவிட்டது.

நாலு மணி ரகசியம்

புத்தகங்களைப் பற்றி எனக்கென்று சில அபிப்பிராயங்கள் உண்டு. கோட்டுப் போட்டுக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, ஆசிரியரே அட்டையில் நிற்கிற புத்தகத்தை நான் நம்புவதில்லை. "வாசிப்பு மனிதனைச் செதுக்கும்" என்று மேடையில் பேசுகிறவரையும் நம்புவதில்லை. அவர் கடைசியாக என்ன படித்தார் என்று கேட்டுப் பாருங்கள், தண்ணீர் குடிப்பார். தினமும் பத்துப் பக்கம் படித்தால் பழக்கம் வந்துவிடும் என்பதும் எனக்கு ஒத்துவராது. மாத்திரையா சாப்பிடுகிறோம்? எடுத்த அன்றைக்கே முப்பது பக்கம் இழுத்துக்கொண்டு போகாத புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு வேறொன்றை எடுப்பதுதான் பழக்கம். எனக்கு அப்படித்தான் வந்தது.

டில்லி எடுத்தது முன்னேற்றப் புத்தகம். மூன்றாம் நாளே திருப்பிக் கொடுத்தான். புத்தகம் பளிச்சென்று இருந்தது. பிட்டர் கை பட்ட பொருள் பளிச்சென்று இருக்குமா? ஸ்பேனரைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, "நீ இதைப் பிரிக்கவே இல்லை. உள்ளே என்ன இருக்கு, சொல்லு பார்க்கலாம்" என்று மடக்கினேன்.

"முன்னேறணும்னா காத்தால நாலு மணிக்கு எந்திரிங்கறான், ஏ ஷிப்டுக்கு பதினோரு வருசமா நாலு மணிக்குதான் எந்திரிக்கிறேன், எப்போ முன்னேறுவேன்னு மட்டும் அதுல எங்கயும் போடல."

சேகரின் கட்டைவிரல்

அதிலிருந்து நான் ஒரு முறை வகுத்துக்கொண்டேன். கேட்டால் சிரிக்காதீர்கள். தேயாத கிளவுஸ் வேலை செய்யாத கிளவுஸ், அதுபோல அழுக்காகாத புத்தகம் படிக்காத புத்தகம். சுத்தமாகத் திரும்பி வந்த புத்தகத்தையெல்லாம் சந்தேகக் கணக்கில் வைத்துக் கேள்வி கேட்டேன். பிரஸ் ஆபரேட்டர் சேகரிடம் கதாநாயகியின் பெயர் கேட்டேன், முழித்தான். "படிக்காம எதுக்குடா எடுக்குற, அடுத்தவனுக்கு ஆகாதா?" என்று நாலு பேர் எதிரில் விரட்டிவிட்டேன்.

அடுத்த தடவை சேகர் கொண்டுவந்த நாவலில் பக்கத்துக்குப் பக்கம் கிரீஸ் ரேகை. ஆகா, இவன்தான் வாசகன் என்று மகிழ்ந்துபோனேன். ஆனால் என் கண் சும்மா இருக்குமா? எல்லா ரேகையும் வலது மூலையில் ஒரே இடத்தில், ஒரே கட்டைவிரல். சீட்டுக்கட்டு மாதிரி விரித்துப் பிடித்து வரிசையாகக் குத்தியிருக்கிறான் படுபாவி. நடுவில் பைண்டிங்கில் ஒட்டிப்போன இரண்டு பக்கங்கள் ஒட்டினபடியே இருந்தன. எனக்கு வந்த கோபத்தில் ஒரு அட்டையில் பெரிதாக எழுதி பீரோவில் ஒட்டினேன்: "கறை படிந்து வரும் புத்தகத்துக்கு உரியவர் பெயர் ரிஜிஸ்டரில் அடிக்கப்படும். மறுபடி புத்தகம் கிடையாது." சேகர் அதை எழுத்துக்கூட்டி முழுசாகப் படித்தான். அந்த பீரோவிலிருந்து அவன் முழுசாகப் படித்தது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

"சுத்தமா குடுத்தா படிக்கலங்கற, அழுக்கா குடுத்தா பாழாக்கிட்டங்கற, உன்கிட்ட புக்கு வாங்கறத விட பொண்ணு கேட்டு போறது ஈஸிணா."

ஒன்றரை மடங்கு வேகம்

ரயிலில் என் எதிர் சீட்டுக்காரர் மகிமை. எங்கள் கம்பெனியிலேயே எலக்ட்ரீசியன், பொன்னேரிக்காரர். வண்டி கிளம்பினதும் போனில் தொடர் பார்க்க ஆரம்பித்துவிடுவார். இந்தத் தொடர்கள் மீதும் எனக்குச் சந்தேகம் உண்டு. ஒவ்வொரு பகுதியும் யாரோ கதவைத் திறப்பதில் முடிகிறது; அடுத்ததில் பார்த்தால் கதவைத் திறந்தது பால்காரன். எட்டு மணி நேரம் இழுக்கிற கதையை ஒரு நல்ல நாவல்காரன் எண்பது பக்கத்தில் சொல்லிவிடுவான். அதிலும் மகிமை பார்ப்பது ஒன்றரை மடங்கு வேகத்தில். அழுகிற பெண்ணும் கீச்சுக் கீச்சென்று அழுகிறது.

ஒருநாள் பொறுக்காமல், "இப்படி ஓடஓட பார்த்தா என்னத்தைங்க ரசிக்கிறது? புத்தகம் படிச்சுப் பாருங்க, பொறுமை வரும்" என்று உபதேசம் செய்தேன். மகிமை போனை நிறுத்தினார். என் கையில் இருந்த நாவலைப் பார்த்தார். அவர் என்னைக் கவனித்துக்கொண்டே வந்திருக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"நிலா, மலை, ஆறுன்னு வந்தா நீ மட்டும் நாலு பக்கம் தள்ளிட்டு போறியே, நான் பாட்டு வந்தா தள்ளுறேன், இதுல உனக்கு இன்னா பொறுமை கீது, எனக்கு இன்னா இல்ல?"

நியாயம்தான். இந்த ஒரு விஷயத்தை மட்டும் வெளியே சொல்லிவிடாதீர்கள்.

"நாங்க" என்றாள் கஸ்தூரி

இரண்டு மாதம் ஆவதற்குள் என் கேள்விக்கும் அட்டைக்கும் பயந்து ஒவ்வொருத்தராகக் கழன்றுகொண்டார்கள். ரிஜிஸ்டரில் தொடர்ந்து வந்தது ஒரே பெயர், கஸ்தூரி. பேக்கிங் பெண். கான்ட்ராக்டில் வருகிறவள், எண்ணெயில் முக்கின போல்ட்டைப் பொறுக்கி எடைபோட்டு அட்டைப்பெட்டியில் கட்டுகிற வேலை. அவள் வீட்டுக்காரர் லாரியிலிருந்து விழுந்து இடுப்பில் அடிபட்டுப் படுத்திருப்பவர். அந்த வீடு அவள் ஒருத்தி கையால்தான் ஓடுகிறது என்று டில்லி சொல்லியிருந்தான். இந்தப் பெண் நாலு நாளைக்கு ஒரு தடித்த துப்பறியும் நாவல் எடுக்கிறாள். எல்லாமே பொட்டுக் கறை இல்லாமல் திரும்பி வருகின்றன. பேக்கிங்கில் வேலை செய்கிற கை, கிளவுஸ் போட்டாலும் மணிக்கட்டுவரை கருப்பாக இருக்கும். அந்தக் கையால் சுத்தமான புத்தகமா? அதுவும் அரை மணிச் சாப்பாட்டு நேரத்தில், நாலே நாளில்? என் மூக்கு வியர்த்துவிட்டது.

பீரோ கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு கேட்டேன், "கொலை பண்ணினது யாரு, சொல்லு." அவள் தயங்காமல் தம்பி என்று சரியாகச் சொன்னாள். எப்போது கண்டுபிடித்தாய் என்றேன். தலையைச் சொறிந்துகொண்டு அவள் சொன்ன பதில் என் சந்தேகத்தைத் தீர்க்கவில்லை, இன்னும் கிளறிவிட்டது.

"நாங்க மொதல்ல கம்பவுண்டர்னுதான்ணா நெனச்சினு இருந்தோம், தம்பிக்காரன் மருந்து சீசாவ கழுவி வெச்சான்னு வந்துச்சி பாரு, அங்கதான் எங்களுக்கே டவுட்டு ஆயி பேஜாராப்பூட்ச்சி."

மூணாவது ஜோடி

"நாங்க" யார்? வேறு யாரோ படித்துக் கதை சொல்லிக் கொடுக்க, இவள் சும்மா புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போய்வருகிறாள் என்று நான் முடிவு கட்டினேன். எதற்கு? அதற்கும் விடை கிடைத்துவிட்டது போலிருந்தது. அந்த இரண்டு மாதத்தில் கஸ்தூரி மூன்று தடவை என்னிடம் வந்து, "கிளவுஸு தொலஞ்சி பூட்ச்சிணா" என்று பழசைக் காட்டாமலே புது ஜோடி வாங்கியிருந்தாள். வெள்ளைப் பருத்தி கிளவுஸ். தொலைத்தவர்களுக்கு மட்டும் தனிக் கணக்கு: முதல் தடவை மன்னிப்பு, இரண்டாவது எச்சரிக்கை, மூன்றாவது தொலைந்தால் கான்ட்ராக்டருக்குச் சீட்டு எழுத வேண்டும் என்பது சட்டம். சீட்டு போனால் அவர் விசாரிக்க மாட்டார். மறுநாள் காலை அந்த ஆளைப் பெருமாள் சார் கேட்டிலேயே நிறுத்திவிடுவார், அவ்வளவுதான்.

எனக்குச் சங்கிலி கோத்தாயிற்று. புத்தகம் எடுக்கிற சாக்கில் ஸ்டோருக்கு அடிக்கடி வருகிறாள். கிளவுஸை வாங்கி வெளியே தள்ளுகிறாள். இருபத்தாறு வருஷ அனுபவம் பொய் சொல்லுமா? ஒரு வியாழக்கிழமை காலையில் சீட்டை எழுதினேன். எழுதும்போது அந்த இடுப்பு ஒடிந்த மனிதரின் நினைவு வந்தது. வரத்தான் செய்தது. சட்டம் சட்டம்தானே என்று பேனாவை அழுத்திக் கையெழுத்துப் போட்டேன். கொடுப்பதற்கு முன்னால் கையும் களவுமாகப் பிடித்துவிட்டால் மனசாட்சிக்கும் நல்லது என்று, சாப்பாட்டு மணி அடித்ததும் சீட்டை எடுத்துக்கொண்டு பேக்கிங் ஷெட்டுக்குப் போனேன். அட்டைப்பெட்டி அடுக்குக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். இந்த வயதில்.

முதலில் குரல்தான் கேட்டது. நிதானமாக, நிறுத்தி நிறுத்தி யாரோ படிக்கிறார்கள். எட்டிப் பார்த்தேன். ஆறு பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஐந்து பேர் சோற்றைப் பிசைந்தபடி இருக்கிறார்கள். கஸ்தூரி மட்டும் டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டு, இரண்டு கையிலும் வெள்ளை வெளேரென்று கிளவுஸ் போட்டுக்கொண்டு, மடியில் துணி விரித்து அதன்மேல் புத்தகத்தை வைத்துப் படிக்கிறாள். பக்கத்தில் இன்னும் இரண்டு ஜோடி மடித்துவைத்திருக்கிறது. அவளுக்குத் தொண்டை வறண்டதும் பக்கத்துப் பெண் கையைக் கழுவிவிட்டு வந்து ஒரு ஜோடியை மாட்டிக்கொண்டு தன் முறைக்குக் காத்திருந்தாள். மூன்று பேர் படிக்கிறவர்கள், மூன்று ஜோடி. மற்ற மூன்று பேரும் ஆரம்பாக்கம் பக்கத்திலிருந்து வருகிறவர்கள். வீட்டில் தெலுங்கு, வேலையில் தமிழ். காதால் கேட்டால் எல்லாம் புரியும், எழுத்து தெரியாது. அவர்களில் ஒருத்தி பொறுக்க முடியாமல், "செப்பு செப்பு, யாரு கதவ தட்டனது?" என்று புத்தகத்தைத் தொடப் போனாள். கஸ்தூரி பட்டென்று கையைத் தட்டிவிட்டாள். "கொயம்பு கையோட தொடாதடீ! அந்த ஸ்டோரு ஆளு மோந்து பாப்பான். கற பட்டா நம்ம பேர அடிச்சிடுவான், அப்புறம் புக்கே கெடயாது."

என் காதுப்பட அப்படிச் சொன்னாள். ரிஜிஸ்டரில் ஏன் ஒரே பெயர் என்பதும் புரிந்தது. பெயர் ஆபீசுக்குப் போகும் என்ற பயத்தில் ஆறு பேருக்காக ஒருத்தி கையெழுத்துப் போட்டிருக்கிறாள். நான் ஒட்டின அட்டைக்குப் பயந்துதான் கிளவுஸ் தொலைந்திருக்கிறது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அப்படியே திரும்பிப் போயிருப்பேன், அட்டைத் தூசி மூக்கில் ஏறித் தும்மல் வந்துவிட்டது. ஆறு பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். கஸ்தூரியின் பார்வை என் கையில் இருந்த சீட்டில் விழுந்தது. அந்த மஞ்சள் சீட்டு என்னவென்று இங்கே தெரியாதவர் கிடையாது. அவள் முகம் வெளுத்துப்போனது, ஆனால் கிளவுஸைக் கழற்றவில்லை.

சீட்டை அன்றைக்கே கிழித்துப் போட்டேன், பயப்படாதீர்கள். மூன்று ஜோடிக்கும் நேராக "தொலைந்தது" என்பதை அடித்து "படிப்பதற்கு" என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். பீரோவில் ஒட்டின அட்டையையும் பிய்த்தேன். அதெல்லாம் பிறகு நடந்தது. அதற்கு முன்னால், சீட்டும் கையுமாக நான் நின்றபோது கஸ்தூரி சொன்னதை அப்படியே எழுதிவிடுகிறேன். கையில் புத்தகம் ஆடாமல் இருந்தது.

"நாளைக்கு என்னைய கேட்லயே நிறுத்திடுவாங்கன்னு தெரியும்ணா, இன்னும் நாலு பக்கம்தான் கீது, யாரு கொன்னான்னு இவங்களுக்கு படிச்சி காட்டிட்டு வந்துர்றேன், அதுவரைக்கும் அந்த சீட்ட உன் கைலயே வெச்சிக்கினு அப்டி ஒக்காரு."

உட்கார்ந்து கேட்டேன், கொலைகாரன் யார் என்று அந்த நாலு பக்கத்தில் தெரிந்துவிட்டது, ஆனால் இருபத்தாறு வருஷமாக எல்லார் பாக்கெட்டையும் சந்தேகத்தோடு பார்த்த நான் பார்க்காமல் விட்ட ஒரே பாக்கெட், ஸ்டோர் சாவி கிடக்கும் என்னுடையதுதான்.